செக்றோலில் இல்லாத பெயர்கள்



இலக்கிய நிகழ்ச்சியில் யப்பானியத் தளபதிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் பேச வந்தது மலேசியத் தமிழர் எழுதிய இரு நாவல்களைப் பற்றி. ஆனால் அந்தத் தளபதியைச் சொல்லாமல் அவற்றுக்குள் நுழைய முடியாது.

அவர் பெயர் ஹிசாயிச்சி தெராவுச்சி. யப்பானியப் பிரதமராக இருந்த ஒருவரின் மகன். 1941 நவம்பரில் தென்திசைப் படையின் தலைமைத் தளபதியானார். மலாயா, பர்மா, பிலிப்பைன்ஸ் எல்லாம் அவர் கட்டளைக்குள் வந்தன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரைச் சரணடைய வைத்த யமஷிதாவைப் பலர் அறிவர். அவரும் அப்போது தெராவுச்சியின் கீழ் இருந்தவர்தான். தெராவுச்சிக்கு எதிராக நேசநாட்டுப் படைகளை நடத்திய மவுண்ட்பேட்டன் பிரபுவோ 1944 ஏப்ரலில் தமது தலைமையகத்தை நமது பேராதனைக்குக் கொண்டுவந்தார். நாவுலயில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் இடம்.

பர்மாவிலிருந்த படைகளுக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாயிற்று. அதனால் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதை போட்டார்கள். 1942 நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேல்; அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களைவிடப் பன்மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதினாயிரத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் இறப்பர் தோட்டத் தமிழர்.

ஏன் போனார்கள்? இறப்பர் ஏற்றுமதி நின்றது, வேலையில்லை, அரிசியில்லை. நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். வர மறுத்தவர்களைப் பிடித்தே ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. கைதிகளிடம் தங்கள் வைத்தியர்களும், பெயர் குறித்துவைக்கும் அதிகாரிகளும் இருந்தார்கள். தொழிலாளரிடம் இவை ஒன்றும் இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் செக்றோலில் அது தெரியும். சயாமில் ஆளே போய்விட்டாலும் எழுதிவைக்க ஏடில்லை. காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் உள்ளன. தமிழர் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கு இன்றும் ஆளுக்கொரு கணக்கு.

இந்தப் பாதையை உலகம் அறியச் செய்த திரைப்படம் கித்துள்கலயில் எடுக்கப்பட்டு 1957இல் வெளிவந்தது. பாலம் கட்டிய வெள்ளைக்காரக் கைதிகளின் கதை அது. தோட்டத் தமிழரின் கதையை எழுதத் தமிழர்தான் வரவேண்டியிருந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் வந்தன. பாதை முடிந்து அரை நூற்றாண்டு கழித்து! நாவல் வடிவம் பற்றிக் கேள்வி எழுப்பும் விமர்சகர்கள் எழுப்பட்டும். எனக்கு இவை முதலில் இடாப்புகள், பிறகுதான் நாவல்கள்.

ஓர் இந்துக் கல்லூரித் தமிழாசிரியன் இதில் இவ்வளவு ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் நாவுல வழியே செல்லும் வடக்கு வீதியில்தான், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழர் தம்புள்ள, நாலந்த கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டு. நோயிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களின் பெயரும் எங்கும் இல்லை. அவர்களுடைய சந்ததியார் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

தளபதிகளின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்சில் தம் படையினர் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறினார் என்று யமஷிதாவை 1946 பெப்ரவரி 23இல் தூக்கிலிட்டார்கள். கீழிருப்பவன் செய்ததற்கு மேலிருப்பவன் பொறுப்பு என்ற சட்டக் கொள்கையை இன்றும் அவ்வழக்கின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். புகையிரதப் பாதை தொடர்பாகச் சிங்கப்பூரில் சில அதிகாரிகள் விசாரிக்கப்பட்டார்கள். தெராவுச்சி 1945 நவம்பரில் சைகோனில் தமது வாளை மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தார். நோயாளியான அவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. 1946 ஜூனில் காவலில் இருக்கும்போதே, அந்தத் தொழிலாளர் புறப்பட்டுப்போன மலாயாவில் இறந்தார்.