கணினி வந்தால் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



குனோங் ராபாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை கவலையில்லை. தோட்டத்து டிரசருக்கு அது தெரியும். தோட்டம் மூடப்பட்டது. டிரசர் போனார், அவர் எழுதி வைத்த புத்தகமும் போனது. பின்னாளில் ஒரு மருத்துவமனையில் அதே ஊசியைப் போட இருந்தார்கள். உடனிருந்த மகள் தடுத்தார். அன்று மகள் வேலைக்குப் போயிருந்தால்?

அரசாங்க மருத்துவமனைக்கு மேலாண்மை மென்பொருள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். பதிவு முகப்பு, ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே, மருந்தகம் எல்லாமே ஒரே பதிவைப் பார்க்க வேண்டும். ஆகாத மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுத்தால் கணினி அங்கேயே எச்சரிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமில்லா மருத்துவமனையாகவே தொடங்கியது. புதிய இடத்தில் அது முடிந்தது. காகிதத்திலேயே பழகிய பழைய மருத்துவமனையை மாற்றுவது கடினம். பிரிட்டன் 2002-இல் நாடு முழுவதற்கும் பெருந்திட்டம் தொடங்கியது. பெரும்பணம் செலவான பிறகு, 2011-இல் அதைக் கலைப்பதாக அறிவித்தது. மேலிடமே முடிவெடுத்தது, மருத்துவர், தாதியரின் கருத்தைப் போதுமான அளவு கேட்கவில்லை என்பது அதன் மீதான முக்கியக் குறை.

பாதுகாப்பும் வேண்டும். 2018-இல் சிங்கப்பூரில் ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. கணினி முடங்கும் நாளில் காகிதத்தில் வேலையைத் தொடரவும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. "உங்களுக்கு எந்த மருந்து ஆகாது?" என்று பாட்டிக்குப் புரியும் மொழியில் ஒருவர் கேட்டு, சரியாகப் பதிய வேண்டும். ஆகவே மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குவோர், முகப்பில் இருக்கும் ஊழியரின் பயிற்சிக்கும் நேரத்துக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

நேயர்களே, நாமும் சும்மா இருக்கலாகாது. வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாத மருந்துகளை மலாயில் ஒரு சீட்டில் எழுதி, மைகார்டோடு வைத்து அனுப்புங்கள். மருத்துவமனையில் அது பதிவாகிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். டிரசரின் நினைவில் இருந்ததை இனி அந்தப் பதிவுதான் சுமக்க வேண்டும்.