மூன்று நாள் முந்திய கடிதம்

பட்டம் பெறும் மாணவர்களே, சர்வதேசச் சட்டம் படித்தவர் என்று சொன்னதும் ஊரில் உங்களிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு: வல்லரசின் வீட்டுக்கு எந்த அமீனா போய் ஜப்தி செய்வார்? நியாயமான கேள்விதான். நிகரகுவா வழக்கை வைத்தே இதற்குப் பதில் தேடலாம். கேட்பவர்கள் தங்கள் பக்கச் சான்றாகக் காட்டுவதும் அதைத்தான்.

தன் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததாகவும், கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்கு ஆயுதமும் பணமும் கொடுத்ததாகவும் அமெரிக்கா மீது 1984 ஏப்ரல் 9 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் நிகரகுவா வழக்குத் தொடுத்தது. அடுத்த ஜனவரியில் அமெரிக்கா விசாரணையிலிருந்து வெளியேறியது. நம் நாட்டின் நாகேந்திர சிங் தலைவராக இருந்த அந்த நீதிமன்றம், 1986 ஜூன் 27 அன்று அமெரிக்கா சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அதை நிறைவேற்றக் கோரிய தீர்மானத்தை அமெரிக்கா பாதுகாப்பு சபையில் தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. ஆட்சி மாறிய பின் 1991இல் நிகரகுவாவே வழக்கைத் திரும்பப் பெற்றது. தீர்ப்பின்படி ஒரு காசும் வரவில்லை.

கதை இத்தோடு முடிந்தது என்பவர்கள் ஒரு கடிதத்தைக் கவனிப்பதில்லை. வழக்குக்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 6 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் ஐ.நா.வுக்கு அனுப்பியது அது. மத்திய அமெரிக்க நாடுகளுடனான தகராறுகள் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரா, இது உடனே அமலாகிறது என்றது கடிதம். 1946இல் அமெரிக்கா தந்திருந்த ஒப்புதலோ ஆறு மாத முன்னறிவிப்பு கேட்டது. ஆகவே கடிதம் செல்லாமல் போனது. சட்டம் வெறும் காகிதம் என்றால், அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டுக்கு இத்தனை அவசரம் எதற்கு? எல் சால்வடாரைக் காக்கவே செய்தோம் என்று தற்காப்பு வாதம் புனைவானேன்? டெஹ்ரான் தூதரகப் பணயக் கைதிகளுக்காக இதே நீதிமன்றத்தின் படியேறி 1980இல் தீர்ப்பு வாங்கியதும் அமெரிக்காதான்.

வாதத்தில் தோற்றாலும் வலியவன் தப்பினானே என்பீர்கள். தப்பியது உண்மை, அதை மறைத்துச் சட்டத்தைப் புகழ்வது வக்கீலுக்கு அழகல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பு வேறோர் இடத்தில் வேலை செய்தது. அயல்நாட்டுக் கிளர்ச்சிப் படையை வளர்ப்பதும் தலையீடே என்ற அதன் விதியைக் கொண்டு, காங்கோ தொடுத்த வழக்கில் 2005இல் உகாண்டாவைப் பொறுப்பாக்கியது நீதிமன்றம். 2022 பிப்ரவரியில் 32.5 கோடி டாலர் இழப்பீடும் விதித்தது. உகாண்டா என்ன வல்லரசா என்று முணுமுணுக்கலாம், அதுவும் சரியே. அந்த ஆண்டு செப்டம்பரில் உகாண்டா முதல் தவணையாக 6.5 கோடி டாலரைக் கட்டியது.