காலை நிமிர்த்தினால் உயரம் எவ்வளவு கூடும்?

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தருவை மைதானத்துக்குக் காலை நடை போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ.; எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் கனவு போயிற்று. அப்போதுதான், "இவனுக்குக் கால் வில் மாதிரி வளைந்திருக்கிறதே, ஆபரேஷன் செய்து நிமிர்த்தினால் உயரம் வந்துவிடாதா?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 80 செ.மீ. என்றும், வளைவு முழங்காலில் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி வளைவில் மறைந்திருக்கும் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். 20 டிகிரிக்கு 1.2 செ.மீ. கடுமையான 30 டிகிரி வளைவில்தான் 2.7 செ.மீ. கிடைக்கும். நம் கணக்கில் முடங்கிக் கிடந்த பணம் கைக்கு வருகிறது, அவ்வளவே. வட்டி எதுவும் சேர்வதில்லை.

எலும்பையே நீட்டுவது வேறு சிகிச்சை. ரஷ்யாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசாரோவ் 1950-களில் வளர்த்தெடுத்த முறை அது. நாளுக்கு 1 மி.மீ. வீதம் நீட்டுவார்கள். 5 செ.மீ. வேண்டுமென்றால் 50 நாள். புது எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதங்கள்.

அப்படியானால் காலை நிமிர்த்துவது வீணா? இல்லை. வில் காலில் உடல் எடை முழங்காலின் உட்பக்கத்தில் இறங்கி, மூட்டு சீக்கிரம் தேய்கிறது. நிமிர்த்தினால் அந்தப் பாரம் பகிரப்படும். வலியும் தேய்மானமும்தான் ஆபரேஷனுக்குச் சரியான காரணம். எலும்பை வெட்டித் தகடு பொருத்துவதால் கிருமித்தொற்று, எலும்பு கூடத் தாமதம், நரம்புப் பாதிப்பு போன்ற ஆபத்துகளும் உண்டு.

பேரப்பிள்ளைகள் விஷயம்: இரண்டு வயதுவரை கால் வளைந்திருப்பது இயல்பு; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மூன்று வயதுக்குப் பிறகும் வளைவு இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் டி குறைவும் காரணமாகலாம். வளரும் வயதில் சிறு தகடு வைத்தே திருத்த வழி இருக்கிறது.

ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், நின்ற நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை டிகிரி வளைவு, எத்தனை மில்லிமீட்டர் கூடும் என்று கேளுங்கள். வேலைக்காக என்றால், ஆபரேஷன் செய்த காலைத் தேர்வில் ஏற்பார்களா என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பதில் கையில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.