கலோரியா, மேக்ரோவா? நம்ம ஊர்த் தட்டில் ஒரு கணக்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இப்போது இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி ஆப்பில் இட்லியை எண்ணிப் போட்டு கலோரி பார்க்கிறது. இன்னொரு கட்சி, "கலோரி வேண்டாம், மேக்ரோ பாருங்க" என்று சோற்றைத் தள்ளிவிட்டு முட்டையை அடுக்குகிறது. இரண்டிலும் எடை குறைந்தவர்கள் உண்டு, குறையாதவர்களும் உண்டு. அதனால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பு.

இது அழகுக்கான பேச்சு மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில். இந்த ஹாலில் 100 பேர் உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய 27 பேர். அதில் பலருக்குத் தெரியாமலே இருக்கும்.

முதலில் இரண்டு சொல்லையும் தெளிவாக்கிக்கொள்வோம். கலோரி என்பது உணவில் இருக்கும் சக்தியின் அளவு. மேக்ரோ என்பது அந்தச் சக்தி எதிலிருந்து வருகிறது என்ற கணக்கு: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கலோரி, புரதம் 1 கிராமுக்கு 4, கொழுப்பு 1 கிராமுக்கு 9. ஆகவே மேக்ரோ எண்ணுகிறவரும் தெரியாமலே கலோரியைத்தான் எண்ணுகிறார். இவை ஒரே நோட்டின் இரண்டு பக்கங்கள்.

எடை குறைய எது முக்கியம்? அமெரிக்காவில் 811 பேரை நான்கு பிரிவாக்கி, புரதமும் கொழுப்பும் வெவ்வேறு விகிதத்தில் கொடுத்து, எல்லோருக்கும் தினம் 750 கலோரி குறைக்கத் திட்டமிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. இரண்டு வருடம் கழித்து நான்கு பிரிவிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவுதான் குறைந்திருந்தது. ஆக, தராசு முள்ளை நகர்த்துவது மொத்தக் கலோரிதான். இதில் முதல் கட்சிக்கு வெற்றி.

ஆனால் அதோடு முடியவில்லை. தினம் 1,200 கலோரி என்று வைத்துக்கொண்டு கஞ்சியும் ரசஞ்சோறும் ரஸ்க்குமாக ஓட்டினால் எடை குறையும். கூடவே தசையும் கரையும். நாலு மணிக்கெல்லாம் வயிறு கூப்பிடும். மிக்சர் டப்பா திறக்கும். மூன்றாவது வாரம் ஆப்பே மறந்துபோகும். புரதம் பசியைத் தாங்கும், தசையைக் காக்கும். இங்கே இரண்டாவது கட்சிக்கு வெற்றி. அந்தக் கட்சியின் ஆபத்து வேறு. புரதம் என்று சொல்லி 100 கிராம் வேர்க்கடலையைக் கொறித்தால் 25 கிராம் புரதம் வரும். கூடவே 560 கலோரிக்கு மேல் வரும். வழக்கமான சோற்றுக்கு மேலே இதையும் போட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

இனி நம்ம வீட்டுத் தட்டுக்கு வருவோம். காலையில் 4 இட்லி, தேங்காய்ச் சட்னி: 380 கலோரி. மதியம் 3 கப் சோறு: 510. சாம்பார், பொரியல், தாளிப்பு எண்ணெய் எல்லாம் சேர்த்து 250. சர்க்கரை போட்ட காபி இரண்டு வேளை: 150. சாயந்திரம் 50 கிராம் மிக்சர்: 260. இரவு 3 தோசை: 375. கூட்டினால் 1,900-ஐத் தாண்டுகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாள் தேவை சுமார் 1,660 கலோரி. 65 கிலோ ஆணுக்கு 2,110. இதே தட்டில் புரதம் சுமார் 43 கிராம்தான். அதே நிறுவனம் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம் வேண்டும். கலோரி பலருக்குக் கூடுதல், புரதம் குறைவு. நம் பிரச்சினை இரண்டு கணக்கிலும் இருக்கிறது.

சோறே வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படி மாற்றிப் பாருங்கள். காலையில் ஒரு இட்லி குறையட்டும். மதியம் ஒரு கப் சோற்றைக் குறைத்து 2 முட்டை; சைவம் என்றால் கெட்டிப் பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும். மிக்சருக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். காபியில் சர்க்கரை வேண்டாம். இரவு ஒரு தோசை குறையட்டும். முட்டை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 370 கலோரி குறைகிறது. புரதம் 6, 7 கிராம் கூடுகிறது. மாதம் ஒரு கிலோ அளவுக்கு இறங்கினாலே போதும். அவசரப்பட வேண்டாம்.

இதற்கு நம்ம பாட்டிமார் ஒரு வழி வைத்திருந்தார்கள்: உளுந்தம்பருப்புச் சோறு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தோல் உளுந்து. வெறும் அரிசி 100 கிராமில் புரதம் சுமார் 7 கிராம். இந்தக் கலவை 100 கிராமில் சுமார் 13 கிராம். கலோரி கிட்டத்தட்ட அதேதான். கலோரியை ஏற்றாமல் மேக்ரோவை மாற்றுவது என்றால் இதுதான். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் ஒரு ஸ்பூன் போதும். எள்ளில் பாதி எண்ணெய்.

"ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்டேன், கம்புக்கு மாறிவிட்டேன்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே ஆய்வுக் குழு 2025-ல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைய வேண்டும், அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் வர வேண்டும். நாலு சப்பாத்தி சாப்பிட்டால் அது நாலு சப்பாத்திதான்.

இந்த விஷயம் நம் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் குன்னூரில் தொடங்கியது. அங்கே ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டார உணவுகளைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையோடு பால், பருப்பு, காய்கறி சேர்ந்த பஞ்சாப் உணவில் வளர்ந்தவை நன்றாக இருந்தன. அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை பின்தங்கின. வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு என்பதை அன்றே காட்டினார்.

சீசன் வந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தால் பசி பிய்த்துவிடும். அப்புறம் பார்டர் பரோட்டாவுக்கு வண்டி திரும்பும். போகாதீர்கள் என்று நான் சொன்னாலும் நீங்கள் போவீர்கள். கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சின்னப் பரோட்டா ஒன்றில் மைதா 30 கிராம், எண்ணெய் 5 கிராம் என்றே வைத்தாலும் 150 கலோரி. நாலு போட்டால் 600. சால்னாவில் மிதக்கும் எண்ணெய் தனி. இரண்டு பரோட்டா, கூடவே கோழியைக் கொஞ்சம் கூடுதலாக, சால்னாவைக் குறைவாக என்று சாப்பிட்டால் வயிறும் நிறையும், கணக்கும் தப்பாது. அடுத்த வேளையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவு கீழே இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டக் கூடாது. இவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கடைசியாக, எதை எண்ணுவது? ஒரு வாரம் மட்டும் கலோரி எண்ணிப் பாருங்கள். எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஆப் தேவையில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்து, "இதில் புரதம் எங்கே? சோறு எத்தனை கப்?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். தராசோடு தையல் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இன்றைய அளவைக் குறித்துக்கொண்டு வாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.