சாவியைக் கொடுக்கும் முன்...

 

பாலைவன வெயிலில் பதினைந்து வருடம் கிடந்து சேர்த்த பணம். வட்டிக்கு விட முடியாது, ஹராம். வியாபாரத்தில் இறங்கத் துணிச்சல் இல்லை. கடைவீதியில் நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டால் பிள்ளைகள் காலத்துக்கும் ஆகுமே என்று நினைக்கிறோம். நல்ல நினைப்புதான். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது என்ன செய்கிறோம்? "நம்ம ஆள்தானே" என்று சொல்லி, அட்வான்ஸை எண்ணி வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறோம். எழுத்து கிடையாது! கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வேதத்தை ஓதுகிற சமுதாயம் இது.

எழுதுகிற சிலரும் பதினோரு மாதம் என்றே எழுதுவார்கள். ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டுமே, அந்தச் செலவு மிச்சம் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு இப்போது எடுபடாது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் வாங்க வேண்டும்.

பழைய சட்டத்தில் கட்டிடக்காரர் பாடு பெரும்பாடு. வாடகை பாக்கி என்றால் மட்டும் போதாது. வேண்டுமென்றே கட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வாப்பா போட்ட வழக்கை மகன் நடத்துவான். புதிய சட்டத்தில் இரண்டு மாத பாக்கிக்கு நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வெளியேற்றக் கேட்கலாம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளாததே உங்களை வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாகப் புதிய சட்டத்தில் இருக்கிறது. "முப்பது வருடமாக இங்கேதான் கடை" என்ற வாதம் அங்கே உதவாது. பெரிய மனிதர் வாய் வார்த்தை போதும் என்று இருந்துவிடாதீர்கள்; அவர் மௌத்தானால் வார்த்தையும் போய்விடும்.

சட்டம் மெதுவாக நகர்கிறதே என்று சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். மின்சாரத்தைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது, இரவோடு இரவாக வேறு பூட்டுப் போடுவது. இதைவிட மடத்தனம் இல்லை. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைப் புதிய சட்டமே தடுக்கிறது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் கடையை அவரிடம் திரும்ப ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்றுப் போவீர்கள்.

இன்னொன்று. துபாயில் இருப்பவர் மச்சானை வாடகை வாங்கச் சொல்வார். ரசீது யார் பெயரில் என்று யோசிப்பதில்லை. முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போங்கள். தகப்பனார் காலமான வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மூத்தவர் ஒரு மாதம் கேட்பார், இளையவர் மறுமாதம் கேட்பார். (சகோதரிகளுக்கும் பங்குண்டு என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வராது!) யாரிடம் கொடுப்பது என்று தெரியாத வாடகைதாரர் பணத்தை வாடகை அதிகார அமைப்பிடம் கட்டிவிடலாம். அதை எடுக்க வாரிசுகள் எல்லோரும் சான்றிதழோடு அங்கே போய்த்தான் நிற்க வேண்டும்.