பதவி நீங்கிய பின் எழுந்த குரல்



பதவியை இழந்த அரசியல்வாதி பலர் மனம் சோர்ந்து ஒதுங்குவர். சிலர் பகை வளர்ப்பர். இவ்விரண்டும் செய்யாது, உலகோர்க்கு ஓர் உண்மையை எடுத்துரைக்கப் புறப்பட்டவர் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் ஆல் கோர்.

1948இல் பிறந்த அவர், டென்னசி மாநிலத்தின் செனட் உறுப்பினர் ஒருவரின் மைந்தர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் ரோஜர் ரெவெல் என்னும் அறிவியல் அறிஞரிடம் பாடம் கேட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயு அளக்கப்பட்டு வந்தது. அன்று பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்த அவ்வாயு ஆண்டுதோறும் ஏறிவருவதை ஆசிரியர் வரைகோட்டில் காட்டினார். இன்று அது 420ஐயும் கடந்துவிட்டது. வகுப்பறையில் கண்ட அந்தக் கோடு மாணவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

1976இல் பிரதிநிதிகள் சபைக்கும், 1984இல் செனட் சபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். புவி வெப்பமாதலைப் பற்றி 1980களின் தொடக்கத்திலேயே மக்கள் மன்றத்தில் விசாரணை நடைபெறச் செய்தார். 1993 முதல் எட்டாண்டுகள் துணை அதிபராக விளங்கினார். 1997இல் ஜப்பானின் கியோட்டோ நகருக்கே சென்று, வாயு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை உருவாகத் துணைநின்றார். ஆயினும் அமெரிக்க செனட் சபை அதனை ஏற்கும் நிலையில் இல்லை. உடன்படிக்கை அச்சபையின் ஒப்புதலுக்கு அனுப்பப்படவே இல்லை. உயர்பதவியில் இருந்தும் அவரால் இயன்றது அவ்வளவே.

2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட வாக்குகளில் அவர் ஐந்து லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்றார். எனினும் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளில் பின்தங்கினார். மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்று கூறிய அவர், அதற்குக் கட்டுப்பட்டுத் தோல்வியை ஏற்றார். 2001 ஜனவரியில் செனட் சபைத் தலைவர் என்னும் முறையில், தம் எதிராளியின் வெற்றியைத் தம் வாயாலேயே அறிவித்தார். தமக்கு ஆதரவாக எழுந்த ஆட்சேபங்களையும் விதிப்படி தள்ளினார். சினம் கொள்ளக் காரணமிருந்தும் அதனை அடக்கிய பண்பு இது.

அதன்பின் படங்களும் வரைகோடுகளும் கொண்ட ஓர் உரையைச் சுமந்து ஊர் ஊராகச் சென்றார். அவ்வுரையே 2006இல் ‘ஓர் அசௌகரியமான உண்மை’ எனப் பொருள்படும் ஆவணப்படமாகி, ஆஸ்கர் விருது பெற்றது. அவ்வாண்டு முதல் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, அதே உரையை அவர்களும் நிகழ்த்தச் செய்தார். 2007இல் அமைதிக்கான நோபல் பரிசு, அவருக்கும் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அக்குழுவின் தலைவராக அந்நாளில் இருந்தவர் இந்தியரான ராஜேந்திர பச்சௌரி. தம் பங்குப் பணத்தைக் கோர் பருவநிலைப் பணிக்கே ஈந்தார்.

குறை கூறினோரும் உண்டு. பரிசு அறிவிப்புக்கு இரு நாள் முன்னர், இங்கிலாந்து நீதிபதி ஒருவர் படத்தின் மையக்கருத்து பெரிதும் சரியே எனினும், ஒன்பது இடங்கள் அறிவியலின் பொதுமுடிவோடு பொருந்தவில்லை என்றார். விளக்கக் குறிப்புகளோடு பள்ளிகளில் காட்டலாம் என்பதே தீர்ப்பு. அவருடைய மாளிகை சராசரி இல்லத்தைவிடப் பன்மடங்கு மின்சாரம் செலவிடுகிறது என்ற செய்தியும் அவ்வாண்டே பரவியது. பின்னர் அவ்வீட்டில் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன.

இந்தக் குறையை எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. மிகுபொருள் வரைதலை இல்லறத்தார்க்கு உரிய நோன்பாகக் கொண்ட சமுதாயம் இதனை நன்கு உணரும். பிறரைக் குறைத்துக்கொள்ளச் சொல்பவர் முதலில் தாம் குறைத்துக்கொள்ள வேண்டும். எனினும், சொன்னவரிடம் குறையுண்டு என்பதால் மலைமேல் அளந்த எண் மாறிவிடாது. அது ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே அவரிடமிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு: தோல்வியில் சினம் காவாமை, கற்ற உண்மையைப் பதவி போன பின்னும் கைவிடாமை. அவரிடம் குறையாகக் கண்டதை நம் வீட்டு மின்கணக்கில் திருத்திக்கொள்வோமாக.