ஒரே ஒரு நாள் ஆட்டம்



1912-ஆம் ஆண்டு மே 15. நியூயார்க்கில் பேஸ்பால் ஆட்டம். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பெயர்பெற்ற வீரர் டை காப், தம்மை விடாமல் ஏசிய ஒரு பார்வையாளர்மீது கூட்டத்துக்குள் பாய்ந்து அடித்தார், மிதித்தார். அடிபட்டவர் அச்சக விபத்தில் ஒரு கையையும் மறுகையில் சில விரல்களையும் இழந்தவர். காப் ஆடத் தடை வந்தது. "அவர் இல்லாமல் ஆடமாட்டோம்" என்று சக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தோழருக்காக நிற்பது நல்லதுதான். அடிபட்டவருக்காக நின்றவர் யார் என்றும் நாம் கேட்க வேண்டும்.

அணி களமிறங்காவிட்டால் அபராதம் 5,000 டாலர். ஆகவே மூன்று நாள் கழித்து பிலடெல்பியாவில் உள்ளூர் இளைஞர்களைத் திரட்டினார்கள். அவர்களில் ஒருவர் புனித யோசேப்பு கல்லூரி மாணவர் ஆலன் டிராவர்ஸ், வயது 20. கல்லூரி அணியில்கூட ஆடியவர் அல்லர். அதன் உதவி மேலாளர். பந்து வீசினால் கூடுதல் பணம் என்றதும் ஒப்புக்கொண்டார். அதில் நாம் குறை காண வேண்டாம். மாணவர் கைக்குப் பணம் பெரிதுதானே!

எதிரே நின்றதோ முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன் அணி. அவர் பந்தை 26 முறை அடித்து ஓடி, 24 ஓட்டங்கள் எடுத்தார்கள். கிரிக்கெட் கணக்கில் பார்க்காதீர்கள். பேஸ்பாலில் 10 ஓட்டம் என்றாலே பெரிது. ஆனாலும் அவர் பாதியில் விலகவில்லை. கடைசிவரை அவரே வீசினார், ஒருவரை அடிக்கவிடாமல் வெளியேற்றவும் செய்தார். 24-2 என்று தோற்றார்கள். மேஜர் லீக்கில் அவர் ஆடியது அத்தோடு சரி.

பின்னர் இயேசு சபையில் சேர்ந்தார். 1926-இல் குருப்பட்டம். 1968-இல் இறக்கும்வரை 42 ஆண்டுகள் குரு. பள்ளிகளில் ஆசிரியராகவும் இருந்தார். எத்தனை மாணவர்கள், எத்தனை திருப்பலிகள், எத்தனை ஒப்புரவுகள்! அவற்றுக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை. அந்த 24 ஓட்டங்களுக்கு மட்டும் இன்றுவரை உண்டு. நம் பங்குப் பதிவேடும் அப்படித்தான்: திருமுழுக்கு நாள், திருமண நாள், அடக்க நாள். நடுவில் வாழ்ந்தது அதில் இராது.

பதிவேட்டை விடுங்கள், அது காகிதம். நம் வாய்? "அவரா? சீட்டு நடத்தி நொடித்துப்போனவர்தானே." "அந்தப் பெண்ணா? நிச்சயம் ஆகி நின்றுபோனதே." இருபது ஆண்டு உழைப்பு ஓரிடத்தில் இருக்க, அந்த ஒரு நாளைச் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுகிறோம். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நாம் இதைப் பேசும்போது, பல நேரம் அவரும் பக்கத்தில்தான் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்.